கடலைக் கூட்டிப் பெருக்கிய வாரியல்

1

எங்கள் ஊருக்குத் தபாலை நாய்கள் இழுத்து வரும். கேலிக்குச் சொல்லவில்லை. ஒன்பது நாய்கள், ஒரு சறுக்கு வண்டி, வண்டியில் ஒரு மூட்டை, மூட்டைக்குப் பின்னால் மீசை உறைந்துபோன ஒரு மனிதர். பாளையங்கோட்டையில் தபால்காரர் தாமதமாக வந்தால் நாய் துரத்தியதென்று காரணம் சொல்வார். இங்கே நாய்கள் ஓடாவிட்டால்தான் தாமதம்.

இந்த லாப்ரடார் கரை எங்கே இருக்கிறது என்று இன்னும் கேட்டு எழுதுகிற வாசகர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன். சீமைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு சமுத்திரத்தைத் தாண்டி, கனடாவின் வடகிழக்கு ஓரத்தில் வந்து முட்டிக்கொண்டால் அதுதான். வருஷத்தில் பாதிக்கு மேல் கடல் உறைந்து கிடக்கும். நான் பாளையங்கோட்டையில் கம்பவுண்டராக இருந்தபோது, எங்கள் மிஷன் டாக்டர் துரைக்கு நம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. குளிர்ச்சியான இடமாகக் கொடுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் தாராளமாகவே கொடுத்தது. மருந்துப் பெட்டிகளோடு என்னையும் என் குடும்பத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, இந்த நூற்றாண்டு பிறந்த ஐந்தாவது வருஷம் அவர் இங்கே வந்து சேர்ந்தார். ஏழு வருஷமாகிறது.

இதுவரை இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதியனுப்பியதெல்லாம் சிரிக்கத்தான். உறைந்த காடியைக் கோடாலியால் வெட்டி ஊறுகாய் போட்டது, மைக்கூட்டை அக்குளில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதியது, ஒரு போதகரின் தாடி ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஏரல் ஆற்றங்கரையில் யாரோ இதையெல்லாம் சத்தம்போட்டு வாசிக்க, பெண்கள் துணி துவைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதும் உண்டு. இந்தத் தடவை மன்னிக்க வேண்டும்.

பங்குனித் தொடக்கத்தில் வந்த மூட்டையில் என் மாமியாரின் கடிதம் இருந்தது. கார்த்திகையில் ஏரலில் எழுதியது. அவருக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைப்பார். வாத்தியார் ஒரு சொல்லையும் திருத்த மாட்டார். திருத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"மருமவனே, எல்லாரும் நல்லா இருக்கியளா. எம்மவன் செத்ததுக்கு சர்க்கார் குடுத்த காயிதத்த வாத்தியாரு வாசிச்சுச் சொன்னாரு. அதுல அவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு போட்டுருக்காம். எந்தப் பய அப்பிடி எழுதுனான்? மூணு வயசுல அவன ஆத்துல தூக்கிப் போட்டவ நான். ஐப்பசி வெள்ளத்துல அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தவன் அவன். இப்பம் ஊர்ல ஒருத்தியும் பிள்ளையள எங்கிட்ட நீச்சலுக்கு விடமாட்டேங்கா. பெத்த மவனுக்கே சொல்லிக் குடுக்கலையாக்கும்னு காதுபடச் சொல்லுதாளுவ. தண்ணியில செத்தான்னா அழுதுட்டுக் கெடப்பேன். நீச்சல் தெரியாமச் செத்தான்னா நான் எப்பிடி அழுவேன்? அந்தக் காயிதத்த மாத்தி வாங்கி அனுப்புங்க."

எந்தப் பய என்று அத்தை கேட்டிருந்தார். எழுதியவர் ஒரு மாஜிஸ்திரேட். அதன் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட பயல் நான்.

2

ஜெபமணி என் மனைவி எஸ்தரின் தம்பி. வாத்தியார் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவன். மூன்றாம் முறைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு நாள் முழுக்க ஆற்றில் கிடந்தவன். இருபத்தாறு வயதுவரை அவன் சம்பாதித்த நற்பெயர், வெள்ளத்தில் தோணி கவிழ்ந்தபோது இரண்டு ஆடுகளையும் ஓர் உபதேசியாரையும் இழுத்து வந்து கரைசேர்த்தது. ஆடுகள் நன்றியோடு பார்த்ததாக அவன் எப்போதும் சேர்த்துச் சொல்வான்.

டாக்டர் துரை தமக்கு இன்னொரு கையாள் வேண்டும் என்றார். நான் ஏரலுக்கு எழுதினேன். அத்தை தயங்கினார். கடல்தாண்டி அனுப்பப் பயமாக இருக்கிறது என்று வாத்தியார் மூலம் பதில் வந்தது. நான் எழுதினேன்: 'பயப்படவேண்டாம் அத்தை, இங்கே கடல் கல்லாகக் கிடக்கிறது. அதன்மேல் நடந்தேதான் போகிறோம். முழுகவேண்டும் என்று ஆசைப்பட்டாலும் வழியில்லை.' அந்த வரியை வாசித்து ஊரே சிரித்ததாம். எழுதிய எனக்கும் அந்த வரி பிடித்திருந்தது.

ஜெபமணி வந்த மூன்றாம் நாள் கேட்டான்: "அத்தான், இங்கன குளிக்கதுக்கு எங்க போவாவ?"

"போறதில்ல."

"எத்தன நாளா?"

"ஐப்பசியில இருந்து."

"அதான் நாயெல்லாம் ஊர்க்காரங்க பின்னாலயே மோப்பம் புடிச்சிட்டுத் திரியுதாக்கும்."

அவனுக்கு ஆறு இல்லாமல் இருக்க முடியவில்லை. கோடையில், மூன்று மாதம் கடல் கரைந்து கிடக்கும்போது, அதில் குதிப்பான். கரையிலுள்ள மீன்பிடிகாரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். இந்தக் கரையில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. இந்தத் தண்ணீரில் விழுந்தவன் நீந்தத் தெரிந்தாலும் கொஞ்ச நேரம்தான் என்பதால் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

எனக்கும் தெரியாது. நான் பாளையங்கோட்டையில் கிணற்றடியில் வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வளர்ந்தவன். கல்யாணம் முடிந்து ஏரலுக்குப் போனபோது, அத்தை ஏழெட்டுப் பிள்ளைகளை இடுப்பளவு ஆற்றில் நிறுத்திப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையைத் தூக்கித் தண்ணீருக்குள் உருட்டி விடுவார். மேலெது கீழெது என்று தெரியாமல் அது திணறி எழுந்து வந்ததும் சொல்வார்: "தெசை தப்பிருச்சுன்னா பதறாத. கண்ணத் தொற. வெளிச்சம் எங்கன தெரியுதோ அங்கன போ. வெளிச்சம் இருக்க பக்கந்தான் மூச்சு இருக்கு." பிள்ளைகள் பாட்டுப் போல அதைத் திருப்பிச் சொல்லும்.

"மருமவனே, நீங்களும் எறங்குதியளா? பைய பிடிச்சுக்கிடுதேன்," என்றார். நான் கட்டியிருந்தது கல்யாண வேஷ்டி. அதைக் காரணமாகச் சொல்லித் தப்பித்தேன். படித்த மாப்பிள்ளை என்று மதித்து அவரும் விட்டுவிட்டார்.

3

டாக்டர் துரைக்கு ஒரு பைத்தியம் உண்டு. உறைந்த கடலுக்கு அடியில் எவ்வளவு வெயில் போகிறது என்று அறிய வேண்டும். அறிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். அவர் ஒரு துண்டுப் பனிக்கட்டியைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினார். கருப்பட்டிப் பாகைத் தடவியது போலப் பழுப்பாக இருந்தது. பாசி என்றார். தலைக்குமேல் மூன்றடிக் கட்டியும் அதன்மேல் ஒன்றரையடிப் பனியும் இருக்க, அந்தப் பாசி எப்படியோ வெயிலைத் தின்று வளர்கிறது. அதைப் பூச்சி தின்கிறது, பூச்சியை மீன், மீனைக் கடல்நாய், கடல்நாயை இந்தக் கரையின் மனிதர்கள். ஆகவே அந்த வெயிலை அளந்தால் இவர்களுடைய சோற்றுப் பானையை அளந்த மாதிரி.

நம் ஊரில் பனி என்றால் மார்கழியில் புல் நனைவது. இங்கே இரண்டைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். வானத்திலிருந்து உப்புத்தூள் போல விழுவது பனி. கடல் தானே உறைந்து பாறையாவது கட்டி. பார்த்தால் பனி மெல்லிசு, கட்டி தடிமன். ஆனால் வெயிலுக்கு எதிரி பனிதான். அதன் ஒவ்வொரு தூளும் வெளிச்சத்தை வாங்கி வாங்கித் திருப்பி எறிகிறது. மேலே நிற்கிறவனுக்குக் கண் கூசும், அடியில் இருட்டு. கட்டி அப்படியில்லை. மூச்சுப்பட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தாலும் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். சிவப்பை முதலில் பிடுங்கிக்கொள்ளும், பச்சையையும் நீலத்தையும் போகவிடும். ஒரு சாண் பனி தடுப்பதை மூன்றடிக் கட்டியால் தடுக்க முடியாது.

இதை அளக்கும் கருவியைச் செய்தது நான். வெள்ளி உப்புத் தடவிய காகிதம். வெயில் பட்டால் கருக்கும்; அதிகம் பட்டால் அதிகம் கருக்கும். மனிதர்களுக்கும் இந்த விதி உண்டென்பதற்கு நானும் ஜெபமணியும் இந்த ஊரில் நடமாடும் அத்தாட்சிகள். காகிதத்தைக் கண்ணாடி மூடிய தகரப் பெட்டியில் வைத்து, முழங்கை போல மடங்கும் நீளக் கம்பின் நுனியில் கட்டி, கட்டியில் வெட்டிய ஓட்டை வழியாக இறக்கவேண்டும். அடியில் போனதும் கம்பை மடக்கிப் பக்கவாட்டில் நீட்டினால், ஓட்டையிலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்கு அப்பால், கட்டிக்கு நேர் கீழே பெட்டி நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எடுக்கும்போதே வெளி வெயில் பட்டுக் காகிதம் வீணாகிப் போனது. ஓட்டையின் மேல் கறுப்புத் தார்ப்பாயால் கூடாரம் அடிக்கலாம் என்றேன். என் யோசனைதான். துரை என் முதுகில் தட்டினார். மூன்றாம் ஆண்டு ரசாயனத்தில் நான் வாங்கிய மதிப்பெண் அவருக்குத் தெரியாது.

பனி மூடிய இடத்துக்கு அடியில் வைத்த காகிதம் ஏறக்குறைய வெள்ளையாகவே திரும்பி வந்தது. பிறகு அந்த இடத்திலேயே பத்தடிக்குப் பத்தடி பனியைத் துடைத்துவிட்டுப் பார்க்கலாம் என்றார் துரை. இந்த ஊர்த் துடைப்பம் பனியைத் தடவிக் கொடுக்கும், அகற்றாது. எஸ்தரின் பெட்டியில் ஒரு ஈர்க்குவாரியல் இருந்தது. தூத்துக்குடியில் கப்பலேறும்போது பாயில் சுருட்டிக் கொண்டுவந்தவள், இங்கே முற்றமே இல்லை என்று கண்டு அப்படியே வைத்திருந்தாள். தென்னை ஈர்க்குக்கு முன்னால் லாப்ரடார் பனி நிற்கவில்லை. சதுரம் கண்ணாடி போல் வந்தது. அன்றைய காகிதம் கருப்பட்டி நிறத்தில் கருத்து வந்தது. துரை குதித்தார். தினமும் காலையில் அந்தச் சதுரத்தைப் பெருக்குவது என் பொறுப்பாயிற்று.

4

போன வருஷம் சித்திரையில், இதே நாள். காற்றில்லை, நல்ல வெயில். துரை தெற்கே ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். ஓட்டை அருகில் போகிறவன் இடுப்பில் கயிறு, மறுமுனை இன்னொருவன் கையில் என்பது அவர் வைத்த சட்டம். கயிறு ஒன்றுதான் இருந்தது. முந்தின நாள் காற்றில் கூடாரம் ஆடியதால் அந்தக் கயிற்றால் அதை இழுத்துக் கட்டியிருந்தேன். அவிழ்க்கட்டுமா என்று கேட்டேன்.

"அவுத்துக் கட்டதுக்குள்ள நேரம் தாண்டிரும் அத்தான். ஆத்துல என்ன கயிறு கட்டிக்கிட்டா எறங்குனேன்?"

சரி என்றேன்.

அவன் பெட்டியை எடுக்கக் கூடாரத்துக்குள் போனான். நான் சதுரத்தில் நின்று, விளிம்பிலிருந்து சரிந்த தூளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"அத்தான், அந்தச் சத்தம் வாரியல் சத்தந்தான?"

"ஆமா, அதுக்கென்ன?"

"பாளையங்கோட்டையில ஒருநாள் அதத் தொட்டுருப்பியளா? இங்கன வந்து கடலத் தூத்துதிய. அக்காவ வரச்சொல்லி ஒருக்கா காட்டணும்."

"வாய மூடிக்கிட்டுப் பெட்டியத் தூக்கு லே."

"தூக்குதேன். கை வெறச்சுக் கெடக்கு. பைய..."

பிறகு ஒரு சத்தம். வாளி கிணற்றில் விழுகிற சத்தம்.

பெட்டியை நழுவவிட்டான் என்று நினைத்தேன். "போட்டுட்டியா? தொரை வரட்டும். நாளைக்கு ஒந்தோல உரிச்சு அதுலதான் மருந்து தடவணும்," என்றேன். பதில் இல்லை. முறைத்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்து இன்னொன்றும் சொன்னேன்: "பெட்டி தானா நீந்தி வரும்னு பாத்துட்டு நிக்கியாலே?"

இப்போது கணக்கிட்டுப் பார்க்கிறேன். முதல் வேடிக்கைக்கு ஒரு மூச்சு. பதிலுக்குக் காத்திருந்தது இரண்டு மூச்சு. அடுத்ததற்கு ஒன்று. அடியில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இப்படி நாலு மூச்சைச் செலவழித்தேன்.

அப்புறம் அவன் என் காலுக்குக் கீழே தட்டினான்.

வீட்டுக் கதவைத் தட்டுவது போலத்தான் இருந்தது. நான் நின்ற சதுரத்துக்கு நேர் அடியில். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு. குனிந்து பார்த்தேன், பச்சை மங்கலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கூடாரத்துக்குள் ஓடினேன். இருட்டில் ஓட்டைத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. கம்பை விட்டுத் துழாவினேன். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். குதிக்கத் தோன்றவில்லை. வெளியே ஓடிவந்து கோடாலியை எடுத்துச் சதுரத்தை வெட்டினேன். ஒரு சாண் இறங்குவதற்குள் தட்டுவது நின்றிருக்க வேண்டும். நான் வெட்டுகிற சத்தத்தில் எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது.

கடல்நாய் வேட்டைக்காரர்கள் கேட்டு ஓடிவந்தார்கள். ரம்பத்தால் சதுரத்தை அறுத்துத் திறந்து, கொக்கிக் கழி விட்டு, பிற்பகலில் அவனை எடுத்தார்கள். கையுறைகளை அவன் கழற்றியிருந்தான். விரல் முட்டிகளில் தோல் இல்லை.

ஓட்டை அங்கிருந்து இரண்டு ஆள் நீளம். ஏரலில் அவன் ஒரு முங்கில் அதைப்போலப் பத்து மடங்கு போவான்.

5

என் மகள் கிருபைக்கு இங்கே கிரேஸ் என்று பெயர். வரும்போது ஐந்து வயது, இப்போது பன்னிரண்டு. ஜெபத்தை இங்கிலீஷில் சொல்கிறாள், கோபத்தை இந்தக் கரைப் பிள்ளைகளின் பாஷையில் காட்டுகிறாள், தமிழை அப்பாவிடம் காசு கேட்க மட்டும் வைத்திருக்கிறாள். பனிக்கட்டியில் எனக்கு ஒரு வகைதான் தெரியும். அவளுக்கு எது நடக்கத் தாங்கும், எது நாய்வண்டிக்குத் தாங்கும், எது நாளைக்கு உடையும் என்று பத்து வகை தெரியும், பத்துக்கும் தனித்தனிப் பெயர் தெரியும். வெள்ளம் என்றால் என்ன என்று கேட்டவளும் அவள்தான். அந்தப் பிள்ளைகளோடு கட்டியில் ஓடாதே, உட்கார்ந்து இரண்டு சங்கீதம் தமிழில் படி என்று தினமும் சண்டை போடுவேன்.

ஜெபமணியைப் புதைத்துப் பத்து நாளிருக்கும். பாடப் புத்தகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அப்பா, மாமா ஏன் கறுப்புக்குப் போகலை?"

"எந்தக் கறுப்புக்கு?"

"ஓட்டைக்கு. கூடாரம் இருந்துச்சுல்ல, கறுப்பா இருந்திருக்கும். தூத்த எடம் பளிச்சுன்னு இருக்கும். பளிச்சுன்னு இருக்கது மூடிப்பா. கறுப்புதான் வாசல்."

"யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்னா?"

"இங்க எல்லாருக்கும்," என்றாள்.

மறுநாள் எஸ்தரின் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். வேட்டைக்காரர்கள் அறுத்த இடம் மறுபடி உறைந்து, மேலே பனி மூடியிருந்தது. அதை வாரியலால் பெருக்கினேன். கூடாரத்துக்குள் போய், ஓட்டையில் புதிதாக உறைந்திருந்ததை உடைத்து, கண்ணாடியைக் கம்பு நுனியில் சாய்த்துக் கட்டி ஓட்டையில் இறக்கினேன். ஒரு பக்கம் திருப்பினேன்: இருட்டு. இன்னொரு பக்கம்: அதே இருட்டு. மூன்றாம் பக்கம் திருப்பியபோது கண்ணாடிக்குள் ஒரு சதுரம் எரிந்தது. காலை வெயில் விழுந்த நாற்றங்காலின் பச்சை. இந்த நாட்டில் நான் கண்ட அழகான காட்சி அதுதான் என்பதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்யாகும்.

ஜெபமணி விழுந்ததும் நீரோட்டம் புரட்டியிருக்கும். திசை தப்பியிருக்கும். பதறாமல் கண்ணைத் திறந்திருப்பான். வெளிச்சம் எங்கே என்று பார்த்திருப்பான்.

நான் பனியை அது விழுந்தபடியே விட்டிருந்தால், ஓட்டையின்மேல் கூடாரம் போடாதிருந்தால், அந்த இருட்டு முழுவதிலும் வெளிச்சமாக இருந்திருப்பது ஓட்டை ஒன்றுதான். ஏரலில் கற்ற பாடம் அவனை நேரே அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கும். இரண்டையும் மாற்றி வைத்தவன் நான். வாசலுக்குத் திரை போட்டேன், சுவருக்கு விளக்கேற்றினேன். என் கையால் மருந்து தடவிய காகிதங்கள் மூன்று வாரமாக இதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. பாசிக்கு வந்த செய்தி என்று நினைத்து எண்போட்டு அடுக்கி வைத்தேன்.

அன்றைய காகிதத்தையும் பெட்டியோடு மீட்டார்கள். அவன் நிழல் எங்காவது விழுந்திருக்குமா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒரே சீராகக் கருத்திருந்தது. ஒரு மணி நேர வெயிலில் இரண்டு நிமிஷ நிழலுக்குக் கணக்கில்லை.

ஆடி மாதம் கப்பலோடு மாஜிஸ்திரேட் வந்தார். ஒரே நாளில் மூன்று சாவு, ஒரு வலைத் தகராறு, ஒரு கல்யாணம் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போக வேண்டியவர். படிவத்தில் 'நீந்தத் தெரியுமா' என்று ஒரு கட்டம். என்னைக் கேட்பதற்கு முன்பே அதில் 'தெரியாது' என்று எழுதிவிட்டார். இந்தக் கரையில் அவர் வேறெதுவும் எழுதியதில்லை. பேனாவை என் பக்கம் திருப்பினார். தெரியும் என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும்: தெரிந்தவன் ஏன் ஓட்டைக்கு வரவில்லை? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பவன் போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

6

அத்தையின் கடிதத்தைக் கொண்டுவந்த நாய்வண்டியிலேயே ஏறித் தெற்கே போனேன். நாலு நாள் பயணம். மாஜிஸ்திரேட் குளிர்காலத்தில் இருப்பதில்லை. அவருடைய குமாஸ்தா இருந்தார். காதில் பேனா, மேஜையில் ஆறிய தேநீர். நம் தாலுகாக் கச்சேரியை நினைத்துக் கண் கலங்கியது.

திருத்த வேண்டும் என்றேன். எந்த விவரம் என்றார். சொன்னேன்.

"சாவுக்குக் காரணம் முழுகியதுதானே?"

"ஆமாம்."

"அப்படியானால் இது முக்கியமில்லாத விவரம். முக்கியமில்லாததைத் திருத்துவதில்லை."

"அவருடைய தாயாருக்கு முக்கியம்."

பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். "திருத்துவதென்றால், முதலில் கையெழுத்திட்ட சாட்சி தாம் சொன்னது தவறென்று ஒப்புக்கொள்ள வேண்டும். சாட்சி யார்?"

"நான்தான். ஒப்புக்கொள்கிறேன்."

"தவறாகச் சாட்சி சொன்னதாக ஒப்புக்கொள்கிற ஒருவருடைய பேச்சை நம்பி ஓர் ஆவணத்தை எப்படித் திருத்துவது?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே என்னிடம் யோசனை கேட்டார். தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஆக அந்தக் காகிதத்தை மாற்றித்தர இந்தத் தேசத்தில் ஆளில்லை. என் பேச்சை நம்பி அச்சிடுகிற காகிதம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது இந்தப் பத்திரிகை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதுவரை எழுதியதை இன்று காலை எஸ்தருக்கு வாசித்துக் காட்டினேன். தம்பி ஓட்டையில் விழுந்து இறந்தான் என்பது வரைதான் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கண்ணாடி வெளிம்புல உப்புப் பூத்துருந்துச்சு," என்றாள். "கம்புல கட்டுன சணலும் அதுலயே கெடந்துச்சு. கடலுக்குள்ள விட்டு நீங்க மூஞ்சியா பாத்துருப்பிய?"

"அப்பவே தெரியுமா?"

"கிருபை எங்கிட்டயும் கேட்டா. நீங்களா வாயத் தொறப்பியன்னு ஒரு வருஷம் பாத்தேன்." மாவை உருட்டி வைத்தாள். "அம்மைக்கு என்ன எழுதப்போறிய? வெளிச்சத்துக்குப் போன்னு சொல்லிக் குடுத்தவ அவதான்னு எழுதுவியளா?"

"எழுதாம எப்பிடி? அவன் ஏன் அங்கன போனான்னு சொல்லணும்லா?"

"அப்பம் அவ சொன்னது தப்பில்லன்னும் எழுதுங்க. இல்லன்னா இனும ஆத்துப் பக்கமே போகமாட்டா. பெரிய எழுத்துல எழுதுங்க. வாத்தியாருக்குக் கண்ணு மங்கல்."

அந்த வாரியல் கதவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. அவள் அதைத் தொடவுமில்லை, எரிக்கவுமில்லை.

ஏரலில் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற வாத்தியார் ஐயா அவர்களுக்கு: இந்த முறையும் ஆற்றங்கரையில், பெண்கள் எல்லாரும் இருக்கும்போது, சத்தமாக வாசிக்க வேண்டும். என் வேடிக்கைகளுக்கு அவர்கள் துவைப்பதை நிறுத்தினார்கள். இதற்கும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அத்தை, நீங்கள் சொல்லிக்கொடுத்தது சரி. தாமிரபரணிக்குக் கூரை கிடையாது. அங்கே வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் மூச்சு இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுங்கள், ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். ஜெபமணி அதை மறக்கவில்லை. உறைந்த கடலுக்கு அடியிலும் பதறாமல் கண்ணைத் திறந்து, நீங்கள் சொன்னபடியே நீந்திப் போனான். நீங்கள் கேட்ட காகிதத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். சர்க்கார் படிவத்தில் இல்லாத இரண்டு கட்டங்களை நான் சேர்த்திருக்கிறேன்.

இறந்தவர்: ஜெபமணி.

ஊர்: ஏரல்.

நீந்தத் தெரியுமா: தெரியும். தாயார் கற்றுக்கொடுத்தது.

எந்தப் பக்கம் நீந்தினார்: வெளிச்சத்தின் பக்கம்.

வெளிச்சத்தை அங்கே வைத்தவர்: இதில் கையெழுத்திடும் சாட்சி.